ஆரஞ்சுப் போர்வை விரித்த கூரை

எடை மேடையில் ஏறி நிற்கச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆயுசு முழுக்க மணலையும் ஜல்லியையும் அளந்து இவள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். இவளையே ஏற்றி அளந்தது இதுதான் முதல் தடவை. மரியாதைக்குச் செருப்பைக் கழற்றப் போனாள்.

"செருப்போடயே நில்லுங்கம்மா. செருப்பும்தானே பறக்கப்போகுது," என்றான் கவுண்டரில் இருந்தவன்.

"அப்ப பையும் பறக்குமா?"

"பையில என்ன வச்சிருக்கீங்க?"

"சாப்பாடு. பிளேன் ஓட்டுறவங்களுக்கும் சேத்துக் கட்டியாந்தேன்."

பின்னால் நின்ற தங்கச்சி வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணி, இது என்ன ராத்திரி பஸ்ஸா? தீவை ஒரு சுத்து சுத்திட்டு இறங்கிடுவோம். அதுக்குள்ள யாருக்குப் பசிக்கப்போகுது?"

"இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க. மூடியைத் திறந்தா முதல் கை உங்களதுதான்."

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அடுத்து அவர் மேடையில் ஏறினார். முள் ஓடிய ஓட்டத்தைக் கவுண்டர்காரன் குறித்துக்கொண்டான். "சார் முன்சீட்டு. எடை முன்னாடி இருந்தாத்தான் வண்டி சமமா நிக்கும்," என்று மட்டும் சொன்னான். முன்சீட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் மற்றதையெல்லாம் மறந்துவிட்டார்.

அக்கா என்று தங்கச்சி மட்டும் கூப்பிடவில்லை. ஊருக்குப் பின்புறம் மலையோரமாக ஏறிப்போகும் அந்த மேடு முழுக்க, அவளைவிட மூத்தவர்கள் உட்பட, அக்கா என்றுதான் கூப்பிடும். வேலை சித்தாள் வேலை. கொத்தனார் கேட்கிற கலவையைச் சட்டியில் அள்ளி, தலையில் வைத்து, எந்த மாடியானாலும் கொண்டுபோய்க் கொட்டுவது. கொத்தனார்களில் ஒருவர் அவள் புருஷன். அவரும் அப்படித்தான் முதன்முதலில் அவளிடம் கலவை கேட்டு, பிறகு கலியாணம் கேட்டார்.

தங்கச்சியின் கதை வேறு. படித்தாள், வேலைக்குப் போனாள், கட்டிக்கொண்டு குளிர்நாட்டுக்குப் பறந்தாள். விடுமுறைக்கு வந்தால் கடலோர ஹோட்டலில் தங்குவார்கள். அக்கா குடும்பத்தோடு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மேட்டுக்கு அவர்கள் வந்ததே இல்லை. ஒரு தடவை மழை. ஒரு தடவை தங்கச்சி வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. இன்னொரு தடவை தங்கச்சி படிக்கட்டுக்குக் கீழேவரை வந்து, அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு உயரமாக்கா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். அக்கா எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஆனால் இந்தத் தடவை ஒன்றை வைத்துக்கொண்டாள்.

ஹோட்டல் வாசலில் தங்கச்சி வீட்டுக்காரருடைய சிநேகிதர் ஒருவர் எதிர்ப்பட்டார். "இவங்க என் மிஸஸோட அக்கா. மேல ஒரு குடிசை போட்டு இருக்காங்க. இப்ப டவுன்ல நாங்க ஃப்ளாட் வாங்கியிருக்கோம்ல, அதுல கீழ ஒரு ரூம் குடுத்து வச்சுக்கலாம்னு இருக்கோம். வீட்டையும் பாத்துக்குவாங்க," என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார். தங்கச்சியும் கைப்பையைத் தட்டிக் காட்டி, "சாவி கையோட கொண்டாந்திருக்கேன்க்கா. மேட்டுல கிடந்து இன்னும் எத்தனை நாளைக்கு ஏறி இறங்குவ?" என்றாள்.

குடிசை என்ற சொல் அக்காவின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கான்கிரீட் கூரை போட்ட வீடு அது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு. சமையல் மேடைக்குப் பதித்த கல் முகம் தெரிகிற மாதிரிப் பளபளக்கும். ஆனால் கண்ணால் பார்க்காதவரிடம் வாயால் எத்தனை அளந்தாலும் பீற்றல் என்றுதானே தோன்றும்?

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி, "சின்ன பிளேன்ல தீவைச் சுத்திக் காட்டுறாங்களாம். மூணு சீட்டு இருக்கு, வர்றியாக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டாள். பயந்து மறுப்பாள் என்று நினைத்திருப்பாள். அக்கா அவளைக் கேட்டு முடிக்கவிடவில்லை. "வர்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கொத்தனார் தலையில் கை வைத்தார்.

"ஏன்டி, ஏணியில நாலு படி கூட ஏறினாலே கண்ணை மூடுவ. உனக்கு பிளேன் கேக்குதா?"

"ஏணியை நீங்க பிடிச்சீங்க, அதான் மூடினேன். பிளேனை வேற யாரோதானே ஓட்டப்போறாங்க."

"சரி, எதுக்கு இந்த வேலை?"

"அவங்க ஏறி வந்து பாக்க மாட்டாங்க. மேலேருந்தாவது பாக்கட்டும்."

மகள்தான் உருப்படியான கேள்வி கேட்டாள். "மேலேருந்து பாத்தா எல்லாக் கூரையும் ஒண்ணுபோலத்தான்ம்மா இருக்கும். நம்மளது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் அந்த ஆரஞ்சு நிறக் கம்பளிப் போர்வை கிடந்தது. தங்கச்சி போன வருஷம் அனுப்பியது. விசிறி இல்லாமல் கண் மூட முடியாத ஊருக்கு, ஆட்டுக்கே வேர்த்துப்போகிற மாதிரி ஒரு கம்பளி. பிறந்த ஊரின் வெயில் அவளுக்கு அவ்வளவு மறந்துபோயிருந்தது. அக்கா அதை ஒருநாளும் விரித்ததில்லை, யாருக்கும் கொடுத்ததுமில்லை.

"இதைக் கூரையில விரிச்சு நாலு மூலைக்கும் செங்கல் வச்சிடு. பிளேன் சத்தம் கேட்டதும் நீயும் மேல ஏறி நின்னு கையை ஆட்டு," என்றாள். "வேற யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

மகளும் வேறு யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அத்தையிடம் மட்டும் சொன்னாள்.

விமானம் அக்கா நினைத்ததைவிட ரொம்பச் சின்னது. இறக்கை தலைக்குமேல் இருந்தது. கதவைச் சாத்தியபோது பழைய கார் கதவுபோல லொடக்கென்று ஒரு சத்தம். ஓட்டுகிறவள் ஒரு பெண். மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அவள் தன் கையாலேயே அக்காவுக்குச் சீட்டுப் பட்டை மாட்டி, காதுக்கு ஹெட்போனும் வைத்துவிட்டாள்.

"பயமா இருக்காம்மா?"

"நீ பயப்படாம ஓட்டு தாயி. நான் பாத்துக்கறேன்."

முன்சீட்டில் தங்கச்சி வீட்டுக்காரர் கேமராவும் கையுமாக நிறைந்து உட்கார்ந்திருந்தார். அக்கா விமானிக்குப் பின்னால், இடதுபக்க ஜன்னலோரம். தங்கச்சி வலதுபக்கம். ஓடுபாதையில் விமானம் தடதடவென்று ஓடியபோது, கலவை இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல அக்காவுக்கு எலும்பெல்லாம் ஆடியது. சாப்பாட்டுப் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பிறகு ஆட்டம் நின்றது. கீழே பார்த்தாள். தரை தன்பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ" என்றவள் தங்கச்சிதான். அவள் கை துழாவிவந்து அக்காவின் விரல்களைப் பற்றிக்கொண்டது. சின்னவளாக இருந்தபோது ரோட்டைத் தாண்டப் பிடிப்பாளே, அந்தப் பிடி. பெரிய பெரிய விமானங்களில் வந்துபோகிறவள், இந்தச் சின்னதில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கடல் வந்தது. கரையில் நின்று பார்க்கும்போது ஒரே நீலமாகத் தெரிகிற தண்ணீர், மேலேயிருந்து பார்த்தால் எத்தனை விதம்! கரையோரம் பால் கலந்த பச்சை, அதற்கப்பால் கிளிப்பச்சை, பவளப்பாறை முடிகிற இடத்தில் கோடு கிழித்தாற்போல மைநீலம். பாறைமேல் அலை உடைவது சோற்றுப்பானை விளிம்பில் கஞ்சி நுரைப்பதுபோல இருந்தது. மலைக்குள் ஒரு வெள்ளை நூல் தொங்கியது. விமானி ஹெட்போனில், "அதுதான் அருவி," என்றாள். அவ்வளவு பெரிய இரைச்சல் போடுகிற அருவி, இங்கிருந்து பார்த்தால் ஊசியில் கோக்கலாம்போல இருந்தது.

அக்கா அழகை ரசிக்காமல் இல்லை. ஆனால் கண் வேறொன்றைத் தேடியது.

"அதோ பாருங்க, நம்ம ஹோட்டல்! நீச்சல்குளம் தெரியுது பாருங்க!" என்று அவர் கேமராவைத் தூக்கினார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். அவரைக்காய் மாதிரி வளைந்த குளம், நீலக் கண்ணாடியாக மின்னியது. "ஓ, இப்படியா ஆச்சு அது!" என்றாள். "அதுக்குப் பள்ளம் வெட்டினப்ப மண்ணு சுமந்தேன். தண்ணி விட்டப்புறம் உள்ள விடல. இன்னைக்குத்தான் பாக்குறேன். நல்லாத்தான் இருக்கு."

அவர் கேமராவை இறக்கி, துடைக்கவேண்டிய அவசியமில்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

கரையைச் சுற்றி முடித்துத் திரும்பும்போது அக்கா கேட்டேவிட்டாள். "ஏம்மா, ஊருக்குப் பின்னால மலையோரம் ஒரு மேடு இருக்குல்ல, அந்தப் பக்கம் போவியா?"

"அது நம்ம பாதையில இல்லையேம்மா."

"அண்ணி, இதென்ன ஷேர் ஆட்டோவா, போற வழியில நிறுத்தறதுக்கு? அவங்களுக்குன்னு ஒரு ரூட் இருக்கும்," என்றார் அவர்.

விமானி கழுத்தைத் திருப்பவில்லை. "அங்க என்னம்மா இருக்கு?"

"என் வீடு."

பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு சொல்லை அக்கா சொன்ன விதம் அப்படி. விமானி, "டவர்ல கேட்டுப் பாக்குறேன். விட்டாங்கன்னா போலாம்," என்று ஏதோ எண்களையும் எழுத்துகளையும் மடமடவென்று பேசினாள். பதிலும் அதேபோல வந்தது. "பெரிய விமானம் ஒண்ணு இறங்குதாம். காத்திருக்கச் சொல்றாங்க."

காத்திருந்தார்கள். ஆகாயத்தில் காத்திருப்பது என்றால் ஓரமாக உட்காருவதா என்ன, கடல்மேல் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வட்டத்தின் ஒரு முனையில் டவுன் தெரிந்தது. தங்கச்சி தன் பக்க ஜன்னலில் விரலை வைத்து, "அக்கா, அதோ நம்ம ஃப்ளாட்! வெள்ளையா உயரமா நிக்குதே, அதான்," என்றாள். அக்கா குனிந்து பார்த்தாள். நல்ல கட்டடம், குறை சொல்ல முடியாது. மொட்டைமாடி சுத்தமாக, பெருக்கிவிட்டாற்போல வெறுமனே கிடந்தது. ஒரு துணி கூடக் காயவில்லை.

"பெரிசா இருக்கு," என்றாள்.

அக்கா ஜன்னலையும் விமானியின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் எவ்வளவு நேரம் சுற்றுவாள்? எண்ணெய் போதாது என்று இறக்கிவிட்டால்? மகள் வெயிலில் கூரைமேல் நின்றபடி கையை ஆட்டக் காத்துக்கொண்டிருப்பாள். கீழே இறங்கியதும் சாவி கைக்கு வந்துவிடும். வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. தங்கச்சி முகத்தைப் பார்த்து அவள் எதையும் மறுத்துப் பழகியதில்லை.

காதில் குரல் கரகரத்தது. விமானி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். "ஒரே ஒரு சுத்துதான் குடுத்திருக்காங்க. இடதுபக்கம் சாய்ப்பேன். கெட்டியா பிடிச்சுக்கிட்டு நல்லா பாத்துக்குங்கம்மா."

இறக்கை சாய்ந்தது. மேடு அப்படியே ஜன்னலுக்குள் வந்து விழுந்தது.

அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பச்சை மலையோரம் சாம்பல் நிறக் கூரைகள் படிப்படியாக அடுக்கியிருக்கும், நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி பளிச்சென்று தெரியும், இதுதான் அவள் மனசில் போட்டு வைத்திருந்த படம். கீழே தெரிந்ததோ வேறு. மேடு பூராவும் துணி! சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, கட்டம் போட்டது, திரைச்சீலை, மேசைவிரிப்பு, சாயம்போன தார்ப்பாய். எல்லாக் கூரையிலும் எதையாவது விரித்து, பக்கத்தில் ஆளும் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தி முறத்தை ஆட்டினாள். எவனோ குடையை விரித்து விரித்து மூடினான்.

"அடிப்பாவி மகளே," என்று அக்கா முனகினாள்.

"என்னக்கா இது, இன்னைக்கு விசேஷமா?" தங்கச்சி பயத்தை மறந்து, பட்டை இழுக்கிற அளவுக்கு அக்காவின் தோள்மேல் சாய்ந்து பார்த்தாள். "இத்தனை பேர் நமக்கா கையாட்டுறாங்க?"

"எது உங்க வீடு அண்ணி?" அவர் கேமராவோடு பின்னால் திரும்பினார். "எல்லாம் கலர் கலரா இருக்கே!"

அக்காவின் கண் தவியாய்த் தவித்தது. சிவப்பை ஆரஞ்சு என்று எண்ணி ஏமாந்தது. இறக்கை நிமிரத் தொடங்கிவிட்டது. கடைசியில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில், கம்பளியின் தடித்த நிறம். சந்தேகமே இல்லை.

"அதோ! படி திரும்புற இடத்துல, ஆரஞ்சு! அதான் என் வீடு!"

"நான் அனுப்பின போர்வை!" என்று தங்கச்சி கத்தினாள். அவர் படபடவென்று படம் எடுத்தார். எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "கான்கிரீட் கூரை."

"ஆமா," என்றாள் அக்கா. அதற்குமேல் ஒரு சொல்லும் அவளுக்குத் தேவைப்படவில்லை. தொண்டையில் நின்ற முள் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

விமானம் நேராகிக் கடல் பக்கம் திரும்பியது. தங்கச்சி இன்னும் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு உயரத்துல இதெல்லாம் யாரு கட்டினாங்கக்கா? லாரி போகாதே?"

"லாரி எங்க போகும்? நாங்கதான். யார் வீட்டுக்குக் கூரை போட்டாலும், அன்னைக்கு மேட்டுல ஒருத்தரும் வேலைக்குப் போக மாட்டோம். கீழ ரோட்டுலேருந்து மேல வரைக்கும் படிக்கு ஒரு ஆளா நிப்போம். சட்டி கைமாறி கைமாறி ஏறும். கான்கிரீட்டைப் பாதியில நிறுத்தக் கூடாது பாரு, விரிசல் விட்டுடும். அதனால முடியற வரைக்கும் ஒருத்தரும் உக்கார மாட்டோம். கூலி கிடையாது. சாப்பாடு மட்டும்தான். அடுத்து அவங்க வீட்டுக்கு நாம போவோம்."

"அப்ப அத்தனை கூரைக்கும் நீ சட்டி தூக்கியிருக்க?"

அக்கா யோசித்தாள். இப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. தானும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "மகளைப் பெத்துப் படுத்திருந்தப்ப போட்ட ஒண்ணைத் தவிர," என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டை அதற்குமேல் விடவில்லை.

இறங்கியதும் விமானிக்குச் சாப்பாட்டைக் கொடுத்தாள். அந்தப் பெண் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். தங்கச்சி கைப்பையைத் திறந்தாள். அக்காவுக்குத் திக்கென்றது. ஆனால் அவள் சாவியை எடுக்கவில்லை, முகம் துடைக்கும் துணியை எடுத்தாள். "வெயில் ஏறிடுச்சு. பரவாயில்ல. அந்தத் துணியெல்லாம் எடுக்கறதுக்குள்ள போயிடலாம் வா."

"எங்க?"

"உன் வீட்டுக்குத்தான்."

"முட்டி?" என்று அக்கா அவரைப் பார்த்தாள்.

"முட்டி என்ன முட்டி," என்றார் அவர். "படி இருக்குல்ல."

ஏறினார்கள். அவர் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒரு வாசல் திறந்து தண்ணீர் வந்தது. தண்ணீர் கொடுத்த கை ஒவ்வொன்றும் அக்காவை ஒரே கேள்விதான் கேட்டது.

"அக்கா, என் துணி தெரிஞ்சுதா?"

"உன்னதுதான்டி முதல்ல தெரிஞ்சுது."

"பொய் சொல்றா. என்னதுதான் முதல்ல தெரிஞ்சிருக்கும், சிவப்பு!"

"உன் சிவப்பு வெளுத்து வருஷமாச்சு, போடி!"

படி திரும்புகிற இடம் வந்ததும், அவர் கேமராவை எடுத்துப் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். செங்கல் வைத்த ஆரஞ்சுப் போர்வையின் நுனி தெரிந்தது. வழிகண்டுபிடித்த பெருமையில், அக்கா வாயைத் திறப்பதற்குள் விறுவிறுவென்று உள்ளே நுழைந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அருமையான வீடு அண்ணி! காத்து என்னமா வருது! நான்தான் தெரியாம என்னென்னமோ சொல்லிட்டேன்."

எதிர்வீட்டு அத்தை கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாங்க தம்பி. நல்லா உக்காருங்க," என்றாள், தினமும் வருகிறவரைச் சொல்வதுபோல.

அக்கா இடுப்பில் கையை வைத்து நின்றாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சந்துக்கு அந்தப்பக்கம் தன் வாசலில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள்.

"ஏன்டி, போர்வை எப்படி இங்க வந்துச்சு?"

"அத்தைகிட்ட கலரா ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் வெளுத்த துணி. எல்லாரும் விரிக்கறப்ப அவங்க வீடு மட்டும் தெரியாமப் போயிடுமேன்னு நான்தான் குடுத்தேன். நம்மளதுக்குத் தார்ப்பாயை விரிச்சேன்."

"அப்ப நான் ஆகாசத்துல நின்னு, என் வீடு என் வீடுன்னு இவளோட வீட்டையா காட்டினேன்?"

அத்தைக்குக் கரண்டி நழுவுகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சி படிமேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழுவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தபடி நின்றார்.

"அப்ப உங்க வீடு எது அண்ணி?"

அக்கா சந்துக்கு அந்தப்பக்கம் கையை நீட்டினாள். அதே கூரை. அதே ஜன்னல் கம்பி. வாசல்படிகூட ஒரே அச்சு. கொத்தனார் தார்ப்பாயை மடித்துக்கொண்டு மேலேயிருந்து, "வந்தாச்சா? ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்று குரல் கொடுத்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு," என்றார் அவர்.

"இருக்காதா பின்ன? அதே கை, அதே சட்டி," என்றாள் அக்கா. "நீங்க எந்த வீட்டைப் படம் பிடிச்சிருந்தாலும் சரியாத்தான் இருந்திருக்கும். உக்காருங்க. இங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டு அங்க வாங்க. இல்லன்னா இவ கோவிச்சுக்குவா."

அவர் உட்கார்ந்தார். தங்கச்சி எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, கூரைக்குப் போகிற ஏணியைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம், "ஏங்க, அந்த ஃப்ளாட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுடலாம்," என்றாள். வாய் நிறையச் சோறு இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அக்கா, ஏணியைப் பிடி. போர்வையை நான் எடுக்கிறேன்."

"எடுக்காதே, இருக்கட்டும்," என்றாள் அக்கா, ஏணியின் இரண்டு காலையும் அழுத்திப் பிடித்தபடி. "பிளேன் ஓட்டின பொண்ணு சாயங்காலம் இன்னொரு தடவை பறப்பேன்னு சொல்லுச்சு. பாத்துட்டுப் போகட்டும்."